சென்னையின் இரவு எந்த கேட்டுக்குள் போகிறது?

கேள்வி (4 ஜனவரி 2025)

சென்னை பத்து மணிக்குப் படுத்துவிடும் ஊர். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாலைந்து கிளப்களில் மட்டும் பணக்காரர்கள் விழித்திருக்கிறார்கள். வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று 2014-ல் சட்டம் போட்டும் எனக்கும் உங்களுக்கும் அந்த கேட் திறக்கவில்லை. இந்த கிளப்களை மூடிவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025, காலை

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கிளப்பின் கணக்கு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு இன்னும் ஸ்வீட் பாக்ஸ் வருகிறது. உறுப்பினர் ஆகும் வசதி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் கிளப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையும் கிடையாது, இடிக்க வேண்டும் என்ற வெறியும் கிடையாது.

ஊர் தூங்கிவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊர் மதிலுக்குள் போய்விடுகிறது. மதிலைக் கட்டியது வெள்ளைக்காரன்தான், சரி. ஆனால் அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் அது நிற்பதற்குக் காரணம் நம்முடைய மதுவிலக்கும், அதன் பின்னால் வந்த லைசென்ஸ் விதிகளும். கிளப்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

முதலில் வெள்ளைக்காரன் கணக்கு. மெட்ராஸ் கிளப் 1832-ல் தொடங்கியது. இடம் மவுண்ட் ரோடு பக்கம், இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் இருக்கும் வளாகம். பெண்களுக்கும் இந்தியர்களுக்கும் இடமில்லை. பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் 1890-ல் அடையாற்றங்கரையில் அடையாறு கிளப்பைத் தொடங்கினார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மவுண்ட் ரோடு இடம் இந்தியன் எக்ஸ்பிரஸ் ராம்நாத் கோயங்கா கைக்குப் போனது. மெட்ராஸ் கிளப் இடம் மாறி, கடைசியில் 1963-ல் அடையாறு கிளப்போடு இணைந்தது. இந்தியர்களுக்குக் கதவு திறந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். கொடி மாறிப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து! கல்கத்தாவின் பெங்கால் கிளப்பும் 1959 வரை இழுத்தடித்தது.

5 ஜனவரி 2025, மாலை

ஜிம்கானாதான் ஊரிலேயே பழையது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது 1884. காஸ்மாபாலிடன் கிளப் 1873. சேப்பாக்கம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846.

காஸ்மாபாலிடன் எதற்காக வந்தது என்று பார்த்தால் கதை புரியும். இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். உட்கார்ந்த இந்தியர்கள் யார்? வக்கீல்கள், திவான்கள், ஜமீன்தார்கள், பெரிய வியாபாரிகள். அந்த கேட்டிலும் ஒரு வடிகட்டி இருந்தது, நிறம் பார்க்காத வடிகட்டி, அவ்வளவுதான்.

7 ஜனவரி 2025

வடிகட்டி எப்படி வேலை செய்யும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கிளப்பில் ஒரு மரப்பெட்டி இருந்தது. முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், உள்ளே இடது வலது என்று இரண்டு அறைகள். கமிட்டி உறுப்பினர் ஒரு சிறு உருண்டையோடு கையை உள்ளே விடுவார். எந்தப் பக்கம் போட்டார் என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. சத்தம்கூடக் கேட்காதபடி உள்ளே பச்சைத் துணி ஒட்டியிருக்கும். எண்ணும்போது ‘வேண்டாம்’ அறையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உருண்டை இருந்தால் விண்ணப்பதாரர் அவுட். காரணம் சொல்லத் தேவையில்லை. இதைத்தான் பிளாக்பால் என்பார்கள்.

நான் சேர்ந்தபோது அந்தப் பெட்டி செயலாளர் அறை அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது. ஓட்டு பேப்பரில் நடந்தது. ஆனால் அதற்கு முந்தைய கட்டம்தான் முக்கியம்: முன்மொழிபவர், வழிமொழிபவர், பிறகு விண்ணப்பதாரரின் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்கும். ஒரு வாரத்தில் யாராவது செயலாளரின் காதில் ஒரு வார்த்தை போடுவார்கள். பெரும்பாலும் தொழில் தகராறு, சொத்துத் தகராறு, சம்பந்தி தகராறு. சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் யார் என்று பார்த்தாலே போதும், சொல்ல வேண்டிய அவசியம் வராது.

இதையெல்லாம் தாண்டினாலும் காத்திருப்புப் பட்டியல். மகனுக்கு எழுதி வைத்து, அவன் அமெரிக்கா போய், திரும்பி வந்து, அப்போதும் அழைப்பு வராத குடும்பங்கள் உண்டு.

7 ஜனவரி 2025, இரவு

சிட், அதாவது கையெழுத்துப் போடும் கடன் சீட்டு, பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். கிளப்புக்குள் ரொக்கம் புழங்காது. பேரர், அதாவது பரிமாறுகிறவர், சிட் புத்தகம் கொண்டுவருவார், நடுவில் கார்பன் தாள். உறுப்பினர் சைன் போடுவார். மாதக் கடைசியில் அந்தக் காகிதக் கட்டெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். மாலை ஏழு மணி சைனும் பத்தரை மணி சைனும் ஒரே ஆளுடையது என்று பேங்க் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் ஒத்துக்கொள்வோம். எத்தனையாவது லார்ஜ் பெக்கில் எந்த எழுத்து சாயும் என்பது எங்கள் ஹெட் கிளார்க்குக்கு அத்துப்படி.

“இது என் கையெழுத்தே இல்லை” என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. பேரரைக் கூப்பிட்டுக் கேட்டால், “ஐயாதான் சார், கூட மச்சினரும் வந்திருந்தார்” என்பார். பெரும்பாலும் அதோடு விவகாரம் முடியும். முடியாமல் போனால் பேரரின் சம்பளத்தில் கை வைத்த கமிட்டிகளையும் பார்த்திருக்கிறேன். கோடீஸ்வரனின் மூன்று பெக்குக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன் தண்டம் கட்டுவது. வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சம் எது என்று கேட்டால் நான் கட்டடத்தைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

10 ஜனவரி 2025

இப்போது லைசென்ஸ் கதை. கொஞ்சம் நீளம்.

1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. அதன்பின் குடிக்க வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். டாக்டர் சீட்டு, இல்லாவிட்டால் வெளிநாட்டு பாஸ்போர்ட். சாதாரண மனிதனுக்கு மாலையில் மிஞ்சியது சினிமாவின் இரண்டாவது ஆட்டமும், சீசனில் கச்சேரியும், மற்றவர்களுக்குக் கள்ளச்சாராயமும். 1971 ஆகஸ்ட் 30-ல் கருணாநிதி விலக்கைத் தளர்த்தினார், 1974-க்குள் மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர் திறந்தார். 1983-ல் டாஸ்மாக். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்தது.

இதற்கு நடுவில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். எஃப்.எல்.2 என்பது கிளப்புக்கான லைசென்ஸ். எஃப்.எல்.3 நட்சத்திர ஹோட்டலுக்கு. தெருவில் நாலு சுவர் எடுத்து, இரண்டு மேஜை போட்டு, பாட்டு வைத்து, பீர் ஊற்ற ஒருவர் ஆசைப்பட்டால் அதற்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. தங்கும் அறைகளோடு ஹோட்டல் கட்டு, இல்லையென்றால் உறுப்பினர் பட்டியலோடு கிளப் நடத்து. அதுவும் இல்லாதவனுக்கு டாஸ்மாக் கடையும் பக்கத்து பாரின் ஈரத் தரையும்.

சென்னையில் ‘பப்’ என்று போர்டு போட்டவை எல்லாம் ஏதாவது ஒரு ஹோட்டலின் தரைத்தளத்திலோ மொட்டைமாடியிலோ இருப்பது இதனால்தான். பெங்களூரில் தெருவுக்குத் தெரு பப் இருக்கிறதே, நம் ஊர்க்காரனுக்கு ரசனை இல்லையா என்று கேட்பவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி பக்கம் போகும் கார் வரிசையைப் பார்க்கட்டும். ரசனைக்குக் குறைச்சல் இல்லை.

ஆக, கிளப்பின் மதிப்பு கூடியது டென்னிஸ் கோர்ட்டால் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தோடு போய், பயமில்லாமல், நியாயமான விலையில் இரண்டு பெக் போடுவதற்கு இந்த ஊரில் வேறு இடம் இல்லாததால் கூடியது. பொது இடம் ஒன்று இருந்திருந்தால் காத்திருப்புப் பட்டியலில் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள்.

11 ஜனவரி 2025

“அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டு முதலாளிகளைத் தப்பவிடுகிறீர்கள்” என்கிறார் மதுரைத் தம்பி. தப்பவிடவில்லை தம்பி. லைசென்ஸ் விதி அவர்களுக்கு வசதியாக இருக்கிறது, அதனால் அவர்கள் வாய் திறக்கவில்லை. விதியை மாற்றச் சொல்லி எந்த கிளப்பாவது மனு போட்டு நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். வேட்டி கட்டிக்கொண்டே எழுதுகிறேன், பொருத்தமாக வேட்டி விஷயம்.

2014 ஜூலை 11. சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீடு. அழைக்கப்பட்டு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். மூத்த வழக்கறிஞர் காந்திக்கும் அதே மரியாதை. சட்டசபையில் எல்லாக் கட்சியும் கொதித்தன. ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி யாரையும் தடுத்தால் லைசென்ஸ் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு, அதில் உடை விதிகள். கமிட்டி கூடி, தகட்டைக் கழற்றலாமா, மறைக்கலாமா என்று நெடுநேரம் பேசியது. கடைசியில் தச்சர் வந்து திருகாணிகளைக் கழற்றினார். தகடு இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாகத் தெரிந்ததால் அங்கே ஒரு காலண்டரை மாட்டினார்கள். புதிய விதி அச்சில் வந்தது: வேட்டி சட்டை சரி, ஆனால் செருப்புக்குப் பின்வார் இருக்க வேண்டும். சட்டத்தில் உடைதான் இருந்தது, செருப்பு இல்லையே!

சட்டத்தால் வேட்டி கட்டிய உறுப்பினருக்கு நிம்மதி. வேட்டி கட்டிய விருந்தாளிக்கும் நிம்மதி. கேள்வி கேட்ட நண்பருக்கோ எனக்கோ அதில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். நம்மை நிறுத்துவது வேட்டி கிடையாது, விருந்தாளிப் பதிவேட்டில் ‘அழைத்தவர்’ என்ற கட்டம். அதை எந்தக் கட்சியும் தொடவில்லை. கொதித்தவர்களில் பலருக்கு ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினர் எண் இருந்தது.

14 ஜனவரி 2025, மாலை

பொங்கல் என்றதும் ஞாபகம் வந்தது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் பொங்கலை ஒட்டி பிரசிடென்சி மேட்ச் நடக்கும். அதற்கு வித்திட்டவர் புச்சிபாபு நாயுடு. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அதற்குப் பதிலாக புச்சிபாபு 1888-ல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைட்டெட் கிளப்பைத் தொடங்கினார். முதல் பிரசிடென்சி மேட்ச் 1908 டிசம்பரில் நடப்பதாக ஏற்பாடாகி, அது நடக்கும் முன்பே அவர் காலமானார். கிளப் என்ற ஒரே அமைப்பு, ஒருவன் கையில் பூட்டு, இன்னொருவன் கையில் பதிலடி. அதனால்தான் எல்லாவற்றையும் இழுத்து மூடு என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை.

19 ஜனவரி 2025

ரம்மி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கார்டு ரூம்தான் பல கிளப்களுக்குச் சோறு போடுகிறது. மேஜைக்கு இவ்வளவு என்று கட்டணம். செகந்திராபாத் கிரெசன்ட் ரிக்ரியேஷன் கிளப் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூன்று சீட்டு மாதிரி இல்லை, கட்டணம் வாங்குவதாலேயே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது. பின்னாளில் ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் தூக்கிப் பிடித்த தீர்ப்பு அதுதான். ஒரு கிளப் சீட்டுக் கச்சேரி எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்.

போலீஸ் எங்கள் கார்டு ரூமுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. தெருமுனையில் ஒரு தொழிலாளர் மன்றம் இருந்தது, அங்கே அடிக்கடி வருவார்கள். ஆட்டம் ஒன்றுதான்.

20 ஜனவரி 2025

வரி: கணக்குப்பிள்ளை புத்தி, எழுதாமல் இருக்க முடியாது. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

கிளப் தன் உறுப்பினருக்கு ஒரு பெக் கொடுத்தால் அது விற்பனையா? உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கியதை உறுப்பினரே குடிக்கிறார், தனக்குத் தானே எப்படி விற்க முடியும் என்பது வாதம். 1970-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. வழக்கில் இருந்தது நம் ஊர் யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன், அன்னி பெசன்ட் ஆரம்பித்தது. 1982-ல் அரசமைப்பைத் திருத்தி வரி போட வழி செய்தார்கள். 2019 அக்டோபரில் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய வாதமே நிற்கும் என்றது. 2021-ல் மத்திய அரசு ஜி.எஸ்.டி. சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை 1 முதலே செல்லும் என்று பின்தேதி போட்டது. அரை நூற்றாண்டு மல்லுக்கட்டு, ஒரு லார்ஜுக்காக.

கல்கத்தா கிளப்பின் பிறப்பே தமாஷ். வைஸ்ராய் மின்டோ பெங்கால் கிளப்பில் சாப்பிட அழைத்த ராஜேந்திரநாத் முகர்ஜியை இந்தியர் என்று உள்ளே விடவில்லை. அந்தச் சூட்டில் 1907-ல் தொடங்கியது அது.

26 ஜனவரி 2025

இன்று ட்ரை டே, பார் மூடியிருக்கும். இதைச் சொன்னால் 2017 ஞாபகம் வருகிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்ததும் எங்கள் பார் ஷட்டர் இறங்கியது. அளப்பது கேட்டிலிருந்தா, பார் கவுன்டரிலிருந்தா என்று கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் நிஜமாகவே டேப் பிடித்துக்கொண்டு நடந்தார். நீச்சல் குளம் இருந்தது, டென்னிஸ் இருந்தது, நூலகம் இருந்தது. ஆள்தான் இல்லை. கார்டு ரூமில் விளக்குப் போடவே பேரருக்கு மனசு வரவில்லை. நகர எல்லைக்குள் விலக்கு உண்டு என்று ஜூலையில் நீதிமன்றம் விளக்கம் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. அந்த மாதங்களின் சிட் கட்டு மெலிந்து கிடந்ததைப் பார்த்த எவரும் டென்னிஸ் கோர்ட் பற்றி என்னிடம் பேச மாட்டார்கள்.

2 பிப்ரவரி 2025

முதல் நாள் எழுதியதில் ஒன்றை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும். ‘ஊர் மதிலுக்குள் போகிறது’ என்றேன். யாருடைய ஊர்? கோயம்பேட்டில் நள்ளிரவு தாண்டி லாரி இறங்கும்போது போய் நில்லுங்கள். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் கேளுங்கள். அங்கேயும் இரவுதான், வாழ்க்கைதான். பேரர்களின் இரவும் அப்படியே. லாஸ்ட் ஆர்டர் மணி அடித்து, மேஜை துடைத்து, கண்ணாடி டம்ளர்களை எண்ணி வைத்து, கடைசிப் பேருந்து போய்விட்டால் பின்கட்டிலேயே படுக்கை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தது. எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையைப் பதினொன்றுக்கு மேல் மூடச் சொல்லும் ரோந்து ஜீப் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே புத்தாண்டு டான்ஸ் ஒரு மணி வரை நடக்கும்.

2005-ல் ஒரு நட்சத்திர ஹோட்டல் டிஸ்கோவில் ஆடிய இளைஞர்களின் படம் தமிழ் நாளிதழில் வந்து ஊரே கலாச்சாரம் பேசியது. அதே ஆட்டம் கிளப் மதிலுக்குள் ஐம்பது வருஷமாக நடக்கிறது, ஒரு படமும் வந்ததில்லை. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்பதுதான் கிளப்பில் யாருமே மீறாத விதி.

9 பிப்ரவரி 2025

நிலம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கிண்டி ரேஸ் கிளப்: அரசு நிலம் 160 ஏக்கர், 1945-ல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். உயர் நீதிமன்றம் 2023-ல் 730 கோடிக்கு மேல் பாக்கி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. மயிலாப்பூர் கிளப் இருப்பது கபாலீசுவரர் கோயில் நிலம். ஜிம்கானா தீவுத்திடலில், ராணுவ நிலத்தில். மூட வேண்டும் என்கிற நண்பருக்கு ஒரு வழி தெரிகிறது: கோஷம் வேண்டாம், சந்தை விலைக்கு வாடகை கேட்டால் போதும். இதில் நான் உங்கள் கட்சி.

23 பிப்ரவரி 2025

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. எங்கள் புறநகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ‘மனமகிழ் மன்றம்’ என்று ஒரு போர்டு புதிதாக முளைத்திருக்கிறது. எஃப்.எல்.2. பழக்க தோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன். கேரம் போர்டு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது, காய்கள் இல்லை. வாசலில் ஒரு பையன் நோட்டோடு உட்கார்ந்து, “பேரும் செல் நம்பரும் எழுதுங்க சார், மெம்பர் ஆயிடுவீங்க” என்றான். முன்மொழிபவர் வேண்டாமா தம்பி என்றேன். புரியாமல் சிரித்தான்.

குடியிருப்பு சங்கத்தில் கலெக்டருக்கு மனு போடுகிறார்கள், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கேட்டு வந்தவர்களிடம் ஒன்று சொன்னேன்: குடிக்கிறவனுக்கு உட்கார நேர்மையான ஓர் இடத்துக்கு லைசென்ஸ் இல்லாத வரை, ஒவ்வொரு முட்டுச்சந்திலும் இப்படி ஒரு கிளப் பிறக்கும், இதை மூடினால் இரண்டு தெரு தள்ளித் திறப்பார்கள். சங்கத் தலைவர், “அதெல்லாம் பெரிய பேச்சு சார், முதல்ல இதை மூடட்டும்” என்றார். அவர் ஜிம்கானா உறுப்பினரின் தம்பி, மாதம் ஒரு தடவை விருந்தாளியாகப் போய்வருகிறவர்.

24 பிப்ரவரி 2025

நண்பர் ஒருவர்: “அப்படியானால் தெருவில் பப் திறக்கலாம் என்கிறீர்களா?” ஆமாம். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தள்ளி, விலைப்பட்டியலோடு, பெண்களும் வந்து உட்காரும்படி, பதினொன்றரைக்கு மூடும்படி. திட்ட வருகிறவர்கள் வரிசையாக வாருங்கள், செருப்புக்குப் பின்வார் தேவையில்லை.